ஒன்றேகால் டன்

கடிதம் மேசைமேல் கிடந்தது. அரைப் பக்கம்தான். அடியில் கையெழுத்துக்கும் முத்திரைக்கும் இடம் விட்டிருந்தார்கள். வாசகத்தை மில்லின் ஆட்களே அடித்து வைத்திருந்தார்கள்: மரத்தடிகளை அடுக்கும் மைதானத்தின் கிழக்கு ஓரத் தடுப்புச்சுவர் தற்போதைய பயன்பாட்டுக்குப் போதுமானது.

ஆர்லோ லொவென் அதை இரண்டு முறை படித்தான். பிறகு ஒரு விரலால் தள்ளி, மேசையின் மறுபக்கம் அனுப்பினான்.

“இதுல நான் முத்திரை போட மாட்டேன்.”

மறுபக்கம் உட்கார்ந்திருந்தவர் கார்த் ப்ரிட்சர்ட், மரம் அறுக்கும் மில்லின் மேலாளர். பெரிய உடம்பு, சின்னக் குரல்.

“ஏம்ப்பா, பேனா எழுதலையா?”

“பேனா எழுதும். வாசகம் சரியில்ல.”

“சுவரு உன்னுது. வரைபடம் உன்னுது. அந்த வரைபடத்துல இருக்குற முத்திரையும் உன்னுது. உன் சுவரு நல்லா இருக்குன்னு சொல்றதுக்கு உனக்கு என்ன வலிக்குது?”

“என் சுவரு நல்லா இல்ல, கார்த்.”

கார்த் சிரித்தார். ஆர்லோ சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

சுவர் அக்டோபரில் கட்டியது. நாலரை மீட்டர் உயரம், அறுபது மீட்டர் நீளம். இரண்டு டன் கான்கிரீட் கட்டிகளை ஆறு வரிசையாக அடுக்கி, பின்னால் மண்ணுக்குள் பிளாஸ்டிக் வலைகளை விரித்து, மில்லின் குவாரியிலிருந்தே சரளை கொண்டுவந்து நிரப்பினார்கள். மேலே மைதானம். கீழே எடைமேடை. மேடைக்கும் சுவருக்கும் நடுவில், சுவரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, எடை பார்க்கும் பெண் உட்கார்ந்திருக்கும் சிறிய தகரக் கூண்டு.

சுவர் மேலே லாரி வந்து திரும்பும் என்றுதான் பேச்சு. டிசம்பரில் வடக்கே தீயில் கருகிய காடு ஒன்று மலிவாக வந்தது. மில் வாங்கிப் போட்டது. மைதானம் நிரம்பி வழிந்தது. தடிகளின் அடுக்கு ஓரம்வரை வந்தது. அடுக்குபவன் தடி தூக்கும் லோடரை ஓரத்தை ஒட்டியே ஓட்ட வேண்டியதாயிற்று. போன வாரம் இன்ஷூரன்ஸ் ஆள் வந்து பார்த்தார். சுவரை வடிவமைத்த எஞ்சினியரின் கடிதம் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை திரும்ப வருவார். இன்று செவ்வாய்.

“மூணு மாசமா லோடர் அங்கதான் ஓடுது,” என்றார் கார்த். “சுவரு நகருதான்னு பாக்க நீ அடிச்ச ஆணி. நீ எடுத்த அளவு. எவ்ளோ நகந்துருக்கு சொல்லு.”

“ரெண்டு மில்லிமீட்டர்.”

“ரெண்டு மில்லி! என் பொண்டாட்டி கோவத்துல கதவச் சாத்தினா எங்க வீட்டுச் சுவரு அதவிட நகரும்.”

“அது சுவரு தாங்கல. பனி தாங்குது.”

“பனியா?”

“ரெண்டு மீட்டர் ஆழத்துக்கு மண்ணு உறைஞ்சு கெடக்கு. லோடர் ஒரு கல்லுப் பலகை மேல ஓடிட்டிருக்கு. பாரம் சுவருக்கு வந்தே சேரல. உருகினா அந்தப் பலகை கூழாயிடும். அப்பதான் முதல்தடவையா சுவருக்கு எடை தெரியும்.”

அந்த ஊர் எதையும் குளிர்காலத்தில்தான் சோதித்துப் பார்க்கும். ஏரியின் உறைபனிமேல் லாரி ஓட்டிப் பார்த்து, போகலாம் என்று சொல்லும். சேற்றில் பாதை போடமுடியாத காட்டுக்குள் ஜனவரியில் பாதை போடும். குளிரில் நின்றுவிட்டால் நின்றது என்று கணக்கு. ஏப்ரலில் அதே ஆட்கள், சாலை இளகிவிட்டது, கனரக வண்டி கூடாது என்று அரசாங்கம் போடும் தடைப் பலகைக்குத் தலையாட்டிவிட்டு வீட்டில் உட்காருவார்கள்.

“உருகுகாலத்துல ரோட்டுக்கு ஏன் தடை போடுறாங்க?” என்று கேட்டான் ஆர்லோ.

“ரோடு வேற.”

“ரோடும் மண்ணு. சுவருக்குப் பின்னாடி இருக்கறதும் மண்ணு.”

கார்த் நாற்காலியில் சாய்ந்தார். குரல் இன்னும் சின்னதாயிற்று.

“இங்க பாரு. தடை வர்றதுக்கு இன்னும் பத்து நாள். அதுக்குள்ள முடிஞ்சவரைக்கும் தடி இறக்கணும். அந்த ஓரத்த மூடினா ஆறாயிரம் கனமீட்டருக்கு எடம் போச்சு. மே மாசம் ரம்பம் நிக்கும். இருநூறு குடும்பம் வீட்ல உக்காரும். ஏன்னு கேட்டா நான் என்ன சொல்ல? ஆர்லோவுக்கு பயம்னு சொல்லவா?”

“சொல்லுங்க.”

“டெஸ்ஸா போனதுலேர்ந்து உனக்கு எங்க பாத்தாலும் சாவுதான் தெரியுது. எனக்குப் புரியுது. ஆனா அத என் மைதானத்துக்குக் கொண்டு வராத.”

ஜன்னலுக்கு வெளியே ஒரு லாரி சங்கிலியைத் தளர்த்தும் சத்தம் கேட்டது.

மனைவி டெஸ்ஸா ஆகஸ்டில் இறந்தாள். அப்போதிருந்து ஆர்லோ எதற்கும் கோபப்படவில்லை. இப்போதும் கோபம் வரவில்லை. அது வரவேண்டிய இடத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டான், ஊசி போட்ட ஈறை நாக்கால் தொடுவதுபோல. பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

“உங்க எடைக்கூண்டு சுவருக்குக் கீழ இருக்கு, கார்த். அதுக்குள்ள ஒரு ஆள் இருக்காங்க.”

“பதினோரு வருஷமா இருக்கா.”

“சுவரு அஞ்சு மாசமாத்தான் இருக்கு.”

*

கூண்டுக்குள் ஹீட்டர் சூடும் காபி வாசனையும். வெர்னா ஜோசப் ஜன்னலைத் திறந்து ஒரு லாரி ஓட்டுநரிடம் சீட்டை நீட்டினாள். “டயர்ல காத்து கொறையுது, உன் மூளையிலயும்” என்று சொல்லி அனுப்பிவிட்டுத் திரும்பினாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் டக்கெல் குடியிருப்பிலிருந்து வருபவள். ஐம்பத்தெட்டு வயது. மில்லுக்குள் வரும் ஒவ்வொரு தடியும் அவள் எழுதிய எண்ணோடுதான் உள்ளே போகும்.

“வா மோதிரக்காரா,” என்றாள். ஆர்லோவின் சுண்டுவிரலில் எஞ்சினியர்கள் போடும் இரும்பு வளையம். அதைப் பார்த்த முதல் நாளிலிருந்து அவளுக்கு அவன் பெயர் அதுதான். “போட்டியா கையெழுத்து?”

“இல்ல.”

“அப்ப நான் சாகப்போறேனா?”

அவள் கையில் பாதி கடித்த ரொட்டி இருந்தது. மெல்லுவதை நிறுத்தவில்லை.

“ஓரத்துல லோடர் ஓடினா, மண்ணு உருகினா, மேல மூணு வரிசை சரியலாம். ஒவ்வொரு கட்டியும் ரெண்டு டன்.”

“எந்தப் பக்கம் சரியும்?”

ஆர்லோ அவள் நாற்காலிக்குப் பின்னால் இருந்த தகரத்தைப் பார்த்தான். வெர்னாவும் திரும்பிப் பார்த்தாள். அதில் ஒரு காலண்டர் மாட்டியிருந்தது.

“குளிர்ல செத்திருக்கணும் நான். இல்ல, இந்த லாரிக்காரனுங்க பேச்சக் கேட்டு செத்திருக்கணும்,” என்றாள். “இதுக்கா இவ்ளோ நாள் உக்காந்திருந்தேன்?”

“இங்க உக்காராதீங்க, வெர்னா.”

“உக்காரலன்னா எடை யாரு போடுவா? எடை போடலன்னா கார்த் என்னப் போட்டுடுவான். நீ சொல்றது நெசம்னு யாரு சொல்றா? நீ சொல்ற. அவன் நெசமில்லங்கறான். அவன்தான் சம்பளம் குடுக்கறான்.”

அவள் சொன்னது சரி. தயாரிப்பாளர் தாளில் லோடரின் எடை ஐம்பது டன் என்றிருந்தது. அதை நான்கு சக்கரத்துக்கும் சமமாகப் பிரித்து, “பெரிய லாரி மாதிரிதான்” என்று கார்த் கூட்டத்தில் சொல்லியிருந்தார். ஆனால் மில் அதற்குப் பெரிய கவ்வி மாட்டியிருந்தது. கவ்வி நிறையத் தடியோடு தூக்கும்போது எடை முழுவதும் முன்சக்கரத்துக்கு வரும். எவ்வளவு வரும் என்று எந்தத் தாளிலும் இல்லை.

“லோடர எடை போடுவீங்களா?” என்று கேட்டான். “முன்சக்கரம் மட்டும். கவ்வி நெறைய தடியோட.”

“கார்த் சொன்னானா?”

“வேணாம்னு சொன்னார். மேடை கெட்டுப்போகும்னார்.”

“இந்த மேடை நூத்தம்பது டன் தாங்கும். அவன் மூஞ்சியத்தான் தாங்காது.” அவள் ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி வைத்தாள். “ஆனா சீட்டு இல்லாம எதையும் எடை போட மாட்டேன். எங்கப்பனே வந்து நின்னாலும் சீட்டு வேணும்.”

சீட்டுப் புத்தகத்தை இழுத்தாள். எழுதிக்கொண்டே வாசித்தாள். “மரவகை: ஸ்ப்ரூஸ். வந்த இடம்: மேல் மைதானம். அனுப்புபவர்...” கொஞ்சம் யோசித்தாள். “கார்த் ப்ரிட்சர்ட்.”

பிறகு ரேடியோவை எடுத்தாள். “ஹர்நேக், கவ்வி நெறைய தடிய எடுத்துட்டு கீழ வா. எடை பாக்கணும்.”

“யார? என்னையா?” என்றது ரேடியோ. “வெர்னாஜி, அஞ்சு கிலோ கொறைச்சிட்டேன்னு வீட்ல சொல்லி வெச்சிருக்கேன். மாட்டி விட்றாதீங்க.”

லோடர் ஓட்டுபவன் ஹர்நேக் சாந்து, வண்டியைச் சரிவு வழியாக இறக்கிக்கொண்டு வந்தான். ஆள் உயரச் சக்கரங்கள். மேடைமேல் முன்சக்கரம் ஏறியதும் கூண்டின் கண்ணாடி அதிர்ந்தது. வெர்னா கையை உயர்த்தினாள். வண்டி நின்றது. எண் ஓடி, தயங்கி, நின்றது.

அறுபத்தொன்று புள்ளி மூன்று.

“பின்னாடி போய் மறுபடி வரச் சொல்லுங்க,” என்றான் ஆர்லோ.

அறுபத்தொன்று புள்ளி ஒன்று.

“இன்னொரு தடவை.”

“உனக்கு நம்பிக்கையே கெடையாதா?” என்றாள். ஆனாலும் கையை ஆட்டினாள்.

அறுபத்தொன்று புள்ளி நான்கு. சாலையில் போகும் லாரியின் ஓர் அச்சுக்கு ஒன்பது டன். இது ஓர் அச்சுக்கு அறுபத்தொன்று. வெர்னா மூன்று சீட்டுகளையும் கிழித்தாள். ஆர்லோவின் கையில் வைத்தாள்.

ஹர்நேக் இறங்கி வந்து ஜன்னலில் தலையை நீட்டினான். நரைக்கத் தொடங்கிய தாடி, ஆரஞ்சு சட்டை, தலையில் நீலத் தலைப்பாகை.

“இது நான் மட்டும் இல்லன்னு எழுதிக் குடுங்க,” என்றான். யாரும் சிரிக்காததால் எண்ணை மறுபடி பார்த்தான். “ஓரத்துலேர்ந்து ஒரு மீட்டர்ல போறேன். ஒரு நாளைக்கு நாப்பது தடவ.”

“தெரியும்.”

“நீ கணக்கு போட்டப்ப என்ன போட்ட?”

இந்தக் கேள்விக்காகத்தான் ஆர்லோ மூன்று நாளாகத் தூங்கவில்லை.

“சதுர மீட்டருக்கு ஒன்றேகால் டன்.”

“அது எங்கேர்ந்து வந்துச்சு?”

“அது வரல. அங்கயே இருந்துச்சு.”

அலுவலகத்தின் கணக்குத் தாளில் மேல்பாரத்துக்கு ஒரு கட்டம் உண்டு. அதில் ஒன்றேகால் முன்பே எழுதியிருக்கும். சாலையோரச் சுவருக்கு, கடையோரச் சுவருக்கு, பள்ளிக்கூட வண்டி நிறுத்தத்துக்கு, எல்லாவற்றுக்கும் அதே ஒன்றேகால். யாரும் அழிப்பதில்லை. அழிக்கவேண்டிய இடத்தில்தான் எஞ்சினியர் வேண்டும். செப்டம்பரில் ஆர்லோ சமையலறை மேசையில் உட்கார்ந்து அந்தத் தாளை நிரப்பினான். எதிர் நாற்காலியில் டெஸ்ஸாவின் குளிர்கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. உயரம் போட்டான். சரளையின் எடை போட்டான். அடுத்த கட்டத்துக்குத் தாவிப்போனான்.

“அன்னைக்கும் நீ லோடர்தான் ஓட்டிட்டிருந்த,” என்றான். “எடத்தப் பாக்க வந்தப்ப எனக்குக் கை காட்டின.”

“காட்டினேன். நீயும் காட்டின.”

“ஆமா. உன்னப் பாத்துட்டு, உன் வண்டியப் பாத்துட்டு, வீட்டுக்குப் போய் ஒன்றேகால்னு விட்டுட்டேன்.”

ஹர்நேக் தாடியைத் தடவினான். வெர்னா ஹீட்டரை அணைத்தாள். ஏன் அணைத்தாள் என்று தெரியவில்லை. பிறகு மறுபடி போட்டாள்.

“இப்ப என்ன பண்ணப்போற?” என்று கேட்டாள்.

“எழுதப்போறேன்.”

*

ஆணிக்கடைக்கு மேலே ஓர் அறை, அதுதான் எஞ்சினியர் நிறுவனத்தின் கிளை. ஆர்லோ ஒருவன்தான் ஊழியன். பிற்பகல் முழுவதும் கணக்குப் போட்டான். உருகிய, நீர் ஊறிய மண். ஓரத்திலிருந்து ஒரு மீட்டரில் அறுபத்தொரு டன். சுவர் தாங்கும் என்று அவன் எண்ணியிருந்த மேல்பாரத்தைப்போல ஐந்து மடங்கு. மேல் மூன்று வரிசையின் வலைகள் முதலில் நழுவும். நான்கு மணிக்குள் மூன்று வழியில் போட்டுப் பார்த்தான். மூன்றிலும் சுவர் விழுந்தது.

நாலரைக்குத் தொலைபேசி அடித்தது. தலைமை அலுவலகத்திலிருந்து மேலதிகாரி ஃபென்விக்.

“கார்த் கூப்பிட்டான். என்னப்பா நடக்குது அங்க?”

ஆர்லோ சொன்னான். எண்களை மட்டும் சொன்னான்.

“ஒன்றேகால் எல்லாரும் போடறதுதான்,” என்றார் ஃபென்விக். “முப்பது வருஷமாப் போடறேன். ஒரு சுவரும் விழல.”

“எத்தன சுவரு மேல அறுபது டன் அச்சு ஓடுச்சு?”

“அது மில்லோட தப்பு. நம்மகிட்ட சொல்லல.”

“நாம கேக்கல. லோடர் எதிர்லயே ஓடிட்டிருந்துச்சு.”

“ஆர்லோ, நல்லாக் கேளு. தப்புன்னு நீ எழுதிக் குடுத்தா அது காகிதம் ஆயிடும். எஞ்சினியர் சங்கம் விசாரிக்கும். உன் லைசன்ஸ் போகலாம். நம்ம இன்ஷூரன்ஸ் ஏறும். பேசாம இரு. மில்லே ஓரத்துலேர்ந்து தள்ளிக்கட்டும். நான் வாயால சொல்லிக்கறேன்.”

“வாயால சொன்னா வெள்ளிக்கிழமை கையெழுத்து யாரு போடுவா?”

மறுமுனையில் காகிதம் புரண்டது.

“இங்கேர்ந்து இன்னொரு எஞ்சினியர் வருவான், கீத்,” என்றார் ஃபென்விக். “நீ போடலன்னா அவன் போடுவான்.”

“வரட்டும். எடைக்கூண்டுல உக்காந்து போடட்டும்.”

“நீ ரொம்ப மோசமான வருஷத்துல இருக்க. எல்லாருக்கும் தெரியும். கொஞ்சம் ஓய்வெடு.”

“கணக்கு தப்பா இருந்தா சொல்லுங்க. என் வருஷத்தப் பத்திப் பேசாதீங்க.”

“வெள்ளிக்கிழமைக்கு அப்பறம் நீ வர வேணாம்.”

“சரி.”

“என்ன சரி? வேலைய விட்டுத் தூக்கறேன்னு சொல்றேன்.”

“கேட்டுச்சு. வேலை உங்களுது. முத்திரை என் பேர்ல இருக்கு. அத எங்க வெக்கணும்னு நான்தான் சொல்லணும்.”

தொலைபேசியை வைத்தான். ஏழு மாதத்தில் முதல்முறையாகப் பசித்தது. கீழே போய், கடைக்குப் பக்கத்தில் இருந்த பேக்கரியில் இரண்டு இலவங்கப்பட்டை பன் வாங்கி, நின்றபடியே தின்றான். மேலே வந்து எழுதினான்.

‘இந்தச் சுவரை வடிவமைத்தவன் நான். சாலை லாரிக்கான மேல்பாரத்தைத்தான் கணக்கில் எடுத்தேன். மேலே ஓடும் லோடரின் முன் அச்சு எடை 61 டன். மூன்று எடைச்சீட்டுகள் இணைப்பில். மண் உருகியபின் சுவர் இதைத் தாங்காது. குளிர்காலத்தில் அசையாமல் நின்றது சான்றாகாது. ஓரத்திலிருந்து ஆறு மீட்டருக்குள் எந்த வண்டியும் தடியும் இருக்கக்கூடாது. எடைக்கூண்டை உடனே அகற்ற வேண்டும். தவறு என்னுடையது.’

கையெழுத்துப் போடும்போது இரும்பு வளையம் தாளில் உரசியது. முத்திரையை மையில் ஒற்றி, அழுத்தினான். நான்கு பிரதிகள். மில்லுக்கு ஒன்று, இன்ஷூரன்ஸுக்கு ஒன்று, தொழிலிடப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு ஒன்று. நான்காவது வெர்னாவுக்கு.

*

வியாழக்கிழமை காலையிலேயே ஐந்து டிகிரி. கூரைகளிலிருந்து நீர் சொட்டியது. ஆர்லோ போனபோது கார்த் மைதானத்தில் நின்றுகொண்டிருந்தார். கடிதத்தை வாசித்தார். நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

“நான் கேட்ட கடிதம் இது இல்ல.”

“இல்ல.”

“உன் ஆபீஸ்லேர்ந்து கீத் வந்துட்டிருக்கான். மத்தியானம் முத்திரை வந்துடும். நீ இந்த எடத்த விட்டுப் போ.” திரும்பி ரேடியோவில் கத்தினார். “ஹர்நேக்! பதினாறாம் நம்பர் லாரிய எறக்கு. ஓரத்துல அடுக்கு.”

லோடர் நகர்ந்தது. ஓரத்தை நோக்கி வந்தது. ஆறு மீட்டர் இருக்கும்போது நின்றது. கவ்வி மெல்ல இறங்கித் தரையில் படிந்தது. எஞ்சின் அணைந்தது. ஹர்நேக் ஏணிப்படி வழியாக இறங்கி வந்து, சாவியைக் கார்த்தின் முன்னால் நீட்டினான்.

“இது பாதுகாப்பில்லாத வேலை. நான் மறுக்கறேன்.”

அந்த மைதானத்தில் எல்லோருக்கும் இந்தச் சொற்கள் தெரியும். பாதுகாப்புப் பலகையில் எழுதி ஒட்டியிருக்கும். ஒருவன் அதைச் சொல்லிவிட்டால் குழு வந்து பார்க்கும்வரை வேலை நிற்க வேண்டும், சொன்னவன்மேல் கை வைக்கக்கூடாது. தெரியுமே தவிர, யாரும் வாய்விட்டுச் சொல்லிக் கேட்டதில்லை.

“ஹர்நேக், நீயுமா?”

“நீங்க ஏறி ஓட்டுங்க, கார்த். சாவி இந்தாங்க.”

கார்த் சாவியை வாங்கவில்லை.

அப்போது கீழேயிருந்து ஹார்ன் சத்தம். ஒன்றல்ல, நான்கைந்து. மூவரும் ஓரத்துக்குப் போய் எட்டிப் பார்த்தார்கள். வெர்னா நாற்காலியைக் கூண்டிலிருந்து தூக்கிக்கொண்டு போய், மேடைக்கு அந்தப் பக்கம், வெயிலில் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் சீட்டுப் புத்தகம். புத்தகம் மூடியிருந்தது. எடை போடாமல் எந்தத் தடியும் மில்லுக்குள் போக முடியாது. நெடுஞ்சாலைவரை லாரிகள் நின்றன.

“வெர்னா, உள்ள போய் உக்காரு!” என்று கத்தினார் கார்த். சின்னக் குரல் அவ்வளவு தூரம் போகவில்லை. அவள் காதுக்குப் பின்னால் கையை வைத்துக் காட்டினாள்.

பதினொன்றரைக்குக் கீத் வந்தான். புது பூட்ஸ், கையில் தோல்பை. வரிசையில் இப்போது பதினான்கு லாரிகள். ஓட்டுநர்கள் இறங்கிக் கூடியிருந்தார்கள்; கார்த்தும் ஆர்லோவும் கீழே வந்திருந்தார்கள். வெர்னா எழுந்து வந்து அவனுக்குக் கை கொடுத்தாள்.

“நீங்கதான் கையெழுத்து போட வந்தவரா? நல்லது. வாங்க.” கூண்டின் கதவைத் திறந்தாள். தன் நாற்காலியை உள்ளே கொண்டுபோய், தகரத்தை ஒட்டிப் போட்டாள். “என் எடம். உக்காருங்க. காபி தரேன். அவசரமே இல்ல.”

கீத் ஆர்லோவைப் பார்த்தான். ஆர்லோ கடிதத்தையும் சீட்டுகளையும் நீட்டினான். கீத் உட்கார்ந்து படித்தான். லாரிக்காரர்கள் ஜன்னலை அடைத்து நின்றார்கள். உள்ளே ஹீட்டர் ஓசை மட்டும். பின்னால், தகரத்துக்கு வெளியே, மூன்றாம் வரிசைக் கட்டிகளின் இடுக்கிலிருந்து பழுப்பு நீர் கசிந்து சொட்டிக்கொண்டிருந்தது. டப். டப். கீத் பேனாவை எடுத்தான். மூடியைக் கழற்றினான். மறுபடியும் டப்.

“இந்தத் தண்ணி எப்பலேர்ந்து வருது?”

“இன்னைக்குத்தான்,” என்றாள் வெர்னா. “ஒன்பது மணிக்குத் தெளிவா இருந்துச்சு. இப்பதான் மண்ணு கலந்து வருது. சர்க்கரை வேணுமா?”

கீத் எழுந்தான். “இன்னும் கொஞ்சம் தகவல் வேணும்,” என்று கார்த்திடம் சொன்னான். “வண்டியில உக்காந்து பாக்கறேன்.” வண்டிக்குப் போனான். வண்டி கிளம்பியது. போடமாட்டேன் என்று அவன் சொல்லவில்லை. போடவும் இல்லை.

“என்னப்பா, முத்திரை வண்டியேறிப் போவுது!” என்று ஒரு ஓட்டுநர் கத்தினான். சிரிப்பு.

கார்த் வரிசையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிறகு, ஆர்லோவின் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

“எங்க வெக்கணும் கூண்ட?”

“மேடைக்கு அந்தப் பக்கம். சுவரு உயரத்தைப்போல மூணு மடங்கு தள்ளி.”

“மேல?”

“ஓரத்துல இருக்குற தடிய உள்பக்கமா நின்னு கவ்வி எடுங்க. ஆறு மீட்டர்ல மிச்சக் கட்டிகள வரிசையா வையுங்க. எவனும் தாண்டக்கூடாது.”

“நீ இன்னும் இங்க என்ன பண்ற? போகச் சொன்னேன்ல.”

“போறேன். கூண்டு நகந்ததும் போறேன்.”

ஹர்நேக் லோடரைக் கீழே கொண்டுவந்தான். கூண்டை அடியோடு தூக்கி, காலண்டர் ஆட ஆட, மேடைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்தான். மின்கம்பி அங்கே எட்டவில்லை. அன்று முழுவதும் வெர்னா ஹீட்டர் இல்லாமல், கோட்டு மாட்டிக்கொண்டு எடை போட்டாள். எல்லோரையும் திட்டினாள்.

*

ஏப்ரல் மூன்றாம் வாரம் ஆர்லோவின் தபால்பெட்டியில் ஓர் எடைச்சீட்டு கிடந்தது. உறை இல்லை, அஞ்சல்தலை இல்லை. வெர்னாவின் கையெழுத்து. மரவகை: சுவர். எடை என்ற இடத்தில்: நடு ஆணி, 23 மில்லிமீட்டர். கீழே: மேலே ஒன்றும் இல்லை, ஒரு காக்கா மட்டும்.

மறுநாள் கார்த் கூப்பிட்டார்.

“சுவரு நிக்குது.”

“நிக்கட்டும்.”

“உருகி முடிஞ்சிருச்சு. விழல. மே மாசம் மூணு வாரம் மில்ல மூடப்போறேன். ஊருல எல்லாரும் கேக்கறாங்க, விழாத சுவருக்கா மூடினன்னு. என்ன சொல்ல?”

“இருபத்தி மூணு மில்லி நகந்துருக்குன்னு சொல்லுங்க. மேல ஒண்ணுமே இல்லாம.”

“உனக்கு யாரு சொன்னா?” கேட்டுவிட்டு, அவரே பெருமூச்சு விட்டார். “அவளா.”

“ஓரத்துல யாரையும் ஏத்தாதீங்க, கார்த்.”

“ஏத்தல. கட்டியெல்லாம் அங்கயேதான் இருக்கு.” பிறகு சொன்னார். “கடையில ஒருத்தன் உன்ன பயந்தாங்கொள்ளின்னான். நான் ஒண்ணும் சொல்லல. தெரிஞ்சுக்கோ.”

“சரி.”

சமையலறை மேசைமேல் எஞ்சினியர் சங்கத்தின் விசாரணைப் படிவம் இருந்தது. வடிவமைப்பில் தவறு நேர்ந்ததை மறுக்கிறீர்களா என்று கேட்டிருந்தார்கள். இல்லை என்று எழுதினான். எதிர்ப்பக்க நாற்காலி இப்போது வெறுமையாக இருந்தது. டெஸ்ஸாவின் கோட்டைப் போன ஞாயிறு வெர்னா வாங்கிக்கொண்டு போனாள். கூண்டுக்கு இன்னும் கம்பி இழுக்கவில்லை, குளிருது, குடு என்று வாசலில் நின்று கேட்டாள். கொடுத்தான்.

கடைசிப் பக்கத்தில் கூடுதல் விளக்கம் என்று ஒரு பெரிய கட்டம். ஆர்லோ எதுவும் எழுதவில்லை. அறுபத்தொரு டன் சீட்டின் நகலை அதற்குள் ஒட்டினான். அருகே இருபத்து மூன்று மில்லிமீட்டர் சீட்டை ஒட்டினான். பையிலிருந்து முத்திரையை எடுத்தான். அதைத் திருப்பி அனுப்பச் சொல்லி இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்டால் வந்து வாங்கிக்கொள்ளட்டும். மையில் ஒற்றினான். இரண்டு சீட்டுகளுக்கும் குறுக்காக, பெயர் தெளிவாகத் தெரியும்படி அழுத்தினான்.